குறையற்ற பாத்திரங்கள்: ஒரு நோட்டுப் புத்தகத்தை முன்வைத்து

2023 ஜூலையில் கூடலூரில் ஒரு நூலகத்தின் மாடியில் நடந்த கூட்டத்தில் நான் ஒரு பதினேழு வயதுப் பெண் எழுதிய கதையைப் படித்துக்காட்டிச் சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். மழைக்காக ஜன்னல்களை அடைத்திருந்தார்கள்; சிரிப்பு வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. எழுதியவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பியவர் அவளுடைய பழைய ஆசிரியர். அவர் அன்று வரவில்லை. அவள் வந்திருந்த விஷயத்தைப் பிறகுதான் சொன்னார். கூட்டம் முடிந்து நோட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அன்று நான் சொன்ன முடிவு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்: அது நல்ல கதை இல்லை. ஆனால் அதற்கு நான் சொன்ன காரணம் தவறு. விமர்சனத்தில் முடிவு சரியாகவும் காரணம் தவறாகவும் இருப்பது சகஜம். நம்மில் பலருடைய பெயர் அப்படித்தான் நிலைத்திருக்கிறது. அந்தக் காரணத்தைத் திருத்துவதுதான் இங்கே என் உத்தேசம்.

முதலில் கதை. 'பொன்னியின் செல்வன்' சினிமா 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்தபோது இந்த மலையிலும் கல்கியின் ஐந்து பாகங்களைத் தேடி வாங்கியவர்கள் உண்டு. நாட்டுடைமையான புத்தகம், மலிவுப் பதிப்புக்குக் குறைவில்லை. பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயின் வீட்டில் இருக்கும் அந்தப் பெண் ஐந்தையும் படித்து முடித்து, ஆறாவதைத் தானே எழுதத் தொடங்கியிருக்கிறாள். நீள நோட்டில், நூற்றெண்பது பக்கம், இரண்டு நிற மையில்.

கதாநாயகி மரகதவல்லி. பதினாறு வயது. ஈழத்துக் காடுகளில் திரிந்த ஊமை ராணி மந்தாகினியின் வளர்ப்பு மகள். கோடிக்கரையில் வந்து இறங்குகிறாள். சோழநாடே கரையில் நின்று அவளை வரவேற்கிறது. ஆறு பாஷை பேசுகிறாள். யானை அவள் சொன்னபடி கேட்கிறது. குந்தவை முதல் சந்திப்பிலேயே "தங்கையே" என்கிறாள். நந்தினி அவள் முகத்தைப் பார்த்ததும் பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு அழுகிறாள். பெரிய பழுவேட்டரையர் அவளிடம் யோசனை கேட்கிறார். அருள்மொழிக்கு வானதி மறந்துபோகிறாள். புயலில் வந்தியத்தேவனைக் காப்பாற்றுகிறவளும் மரகதவல்லிதான். பூங்குழலிக்கு அங்கே செய்வதற்கு ஏதுமில்லை, கையில் விளக்கோடு கரையில் நிற்கிறாள். மரகதவல்லியின் கை தாமரை இதழ் போன்றது என்று ஏழு இடத்தில் வருகிறது. நான் எண்ணினேன். எண்ணிக்கையையும் கூட்டத்தில் சொன்னேன்.

இதற்கு வெளியே ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் அந்த உலகத்துக்குள் தாங்களே புகுந்து கதை எழுதித் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி ரசிகர்களே நடத்திய 'மெனாஜரி' என்ற சிறுபத்திரிகையில் 1973இல் பாலா ஸ்மித் என்பவர் ஒரு சின்ன நையாண்டிக் கதை எழுதினார். அதன் நாயகி மேரி ஸூ, பதினைந்தரை வயது லெஃப்டினன்ட். கப்பல் தலைவன் கண்டதும் காதல் கொள்கிறான், எல்லோரையும் எல்லா ஆபத்திலிருந்தும் அவளே மீட்கிறாள், கடைசியில் எல்லோரும் சுற்றி நின்று கண்ணீர் விடச் செத்துப்போகிறாள். தன்னிடம் வந்து குவிந்த கதைகளை எல்லாம் ஒரே பக்கத்தில் பிழிந்துவிட்டார் ஸ்மித். அன்றிலிருந்து இந்த ஜாதிப் பாத்திரங்களுக்கெல்லாம் மேரி ஸூ என்றே பெயர். நான் கூடலூரில் அந்தப் பெயரைத்தான் பிரயோகித்தேன். பெயர் கிடைத்துவிட்டால் யோசிப்பதை நிறுத்திவிடலாம். கதையைப் படிக்க வேண்டியதில்லை, அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

நான் அன்று சொன்ன காரணம் இது: "பாத்திரத்துக்குக் குறையே இல்லை, குறையில்லாத பாத்திரம் மனுஷப் பாத்திரம் இல்லை." கேட்க நன்றாக இருக்கிறது. குன்னூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நடுவட்டம் தாண்டுவதற்குள் இது நிற்காது என்று தெரிந்துவிட்டது. ஏனென்றால் மணிமேகலை ஞாபகத்துக்கு வந்தாள்.

மணிமேகலையைக் கொஞ்சம் புதிதாகப் பாருங்கள். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையின் பாத்திரங்களுக்குப் பிறந்த பெண். கோவலன் மகள், மாதவி மகள். இளம்வயது. சோழ இளவரசன் உதயகுமரன் அவள் பின்னாலேயே அலைகிறான். கடல் தெய்வம் தானாக வந்து தூக்கிப்போய் மணிபல்லவத்தில் விடுகிறது. (மணிபல்லவத்தை நயினாதீவு என்று சொல்கிறவர்கள் உண்டு, அப்படியானால் இவளும் ஈழத்துப் பக்கத்திலிருந்துதான் வரங்களோடு திரும்புகிறாள்.) முற்பிறப்பு தெரிகிறது. வேறு உருவெடுக்க ஒரு மந்திரம், வானத்தில் போக ஒரு மந்திரம், பசி தாங்க ஒரு மந்திரம். போதாததற்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். குணத்தில் பழுது சொல்ல இடமில்லை. அமெரிக்க ரசிகர்களின் பட்டியலில் இருக்கிற எல்லாத் தகுதியும் இவளுக்கு உண்டு, சில கூடுதலாகவும் உண்டு. அப்படியிருந்தும் மணிமேகலையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சாத்தனார் பெரிய கவி, பந்தலூர்ப் பெண் சின்னப் பெண் என்று சொல்லிவிட்டால் அது பதிலாகாது. காரணம் காவியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இருக்கிறது. அமுதசுரபி கையில் கிடைத்த உடனே அதிலிருந்து சோறு வந்துவிடவில்லை. முதலில் ஒருவர் அதில் பிச்சை இட வேண்டும். ஆதிரை வீட்டு வாசலில் போய் மணிமேகலை நிற்கிறாள். வானத்தில் பறக்கிறவள், முற்பிறப்பு அறிந்தவள், இன்னொரு பெண்ணின் வாசலில் பாத்திரத்தோடு நிற்கிறாள். ஆதிரை இடுகிறாள். அந்த இரண்டாவது பெண்ணின் கை படாமல் முதல் பெண்ணின் அற்புதம் தொடங்குவதில்லை. அது மட்டுமில்லை. அவள் காயசண்டிகை உருவத்தில் மறைந்திருக்கும்போது உதயகுமரன் தேடி வருகிறான். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அதைப் பார்த்துத் தன் மனைவி என்றே எண்ணி அவனை வெட்டுகிறான். வேற்றுரு மந்திரம் ஒரு உயிரைக் குடித்துவிடுகிறது. மணிமேகலை அழுகிறாள். வரத்துக்கு விலை இருக்கிறது, அந்த விலையைக் கொடுப்பது வேறொருவன். அந்தப் பிணம் கிடக்கிற வரைக்கும் 'குறையற்ற பாத்திரம்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. குணத்தில் அவள் குறையற்றவள்தான், ஆனால் அவளைச் சுற்றி இருக்கிற உலகம் தன் கனத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மரகதவல்லியிடம் இல்லாதது குறை அல்ல. அவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. வழி கேட்பதில்லை, தண்ணீர் கேட்பதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. கேட்காதவளுக்குக் கொடுக்க யாருக்கும் சந்தர்ப்பமில்லை. அதனால் கல்கியின் பாத்திரங்கள் அவள் முன்னால் ஒவ்வொருவராக வெறும் கண்ணாடியாகிப்போகிறார்கள். பூங்குழலி விளக்கோடு நிற்கிறாளே, அதுதான் இந்தக் கதையின் வியாதி. நூற்றெண்பது பக்கத்தில் எனக்கு உண்மையில் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பூங்குழலியை அப்படி நிறுத்தக் கூடாது.

மூலத்தில் பூங்குழலிக்கு எத்தனை வேலை! கோடிக்கரையில் அவளைத் துரத்திக்கொண்டு ஓடுகிற வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறான். அவன் வீரமும் வாய்த்துடுக்கும் சேற்றில் எடுபடவில்லை. படகுக்காரி வந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது. கல்கியைப் பற்றி இந்தப் பக்கங்களில் கடுமையாக எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடுதான். அவருடைய சரித்திரம் மேடைத் திரை, அவருடைய சோகம் வாரக்கடைசியில் தீர்ந்துவிடும் சோகம். ஆனால் வந்தியத்தேவன் விஷயத்தில் அவருக்கு ஒரு சூக்ஷ்மம் தெரிந்திருந்தது. இவன் ஓயாமல் பிறர் தயவில் இருப்பவன். பொய் சொல்லிக் கோட்டைக்குள் நுழைகிறான், மாட்டிக்கொள்கிறான், யாரோ கதவைத் திறந்துவிடுகிறார்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் படித்தவர்களுக்கு அவன் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவன் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இன்னொரு பாத்திரம் பிழைத்தது.

அவனையும் கெடுத்தார்கள். 1954 டிசம்பரில் கல்கி போய்விட்டார். ஆனால் அதன்பிறகு அவனுக்கு என்ன ஆயிற்று, இவளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி போகவில்லை. நாவல் முடிந்தபோதே வாசகர்கள் கேட்டு எழுத, முடிவுரையில் அவர் பதில் சொல்ல வேண்டி வந்தது. பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். (அவர் நெடுங்காலம் ஆசிரியராக இருந்த பத்திரிகையின் பெயர் 'அமுதசுரபி'. இதில் அர்த்தம் தேட வேண்டாம்.) அதற்குப் பின்னும் தொடர்ச்சிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வந்தியத்தேவன் சேற்றில் விழுவதில்லை. மூலத்தில் விழுந்து எழுந்தவனை ரசிகன் கையில் எடுத்ததும் முதல் காரியமாகத் துடைத்துச் சுத்தம் செய்துவிடுகிறான். பிரியத்தின் காரியம் அது, வாஸ்தவம். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல.

ராஜராஜனைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பாலகுமாரனின் 'உடையார்' பெரிய கோயிலை எழுப்பிய பேரரசனை எத்தனை ஆயிரம் பக்கம் கைகூப்பி நிற்கிறது! அங்கே அவனை எதிர்க்கிறவர்களும் கடைசியில் அவன் பெருமைக்குச் சாட்சி சொல்லத்தான் வருகிறார்கள் என்பது என் வாசிப்பு. அதை யாரும் நூலக மாடியில் வாசித்துச் சிரிப்பதில்லை. சரித்திர நாவல் என்ற கௌரவம் அதற்கு இருக்கிறது. ஒரு ஆண் தன் கனவைப் பேரரசன் மேல் ஏற்றி எழுதினால் அது சரித்திரம், ஒரு பெண் தன் கனவுக்கு ஒரு புதுப் பெயர் வைத்து எழுதினால் அது பகற்கனவு என்ற ஏற்பாடு நம்மிடையே இருக்கிறது. மேரி ஸூ என்ற பெயரே ஒரு பெண்ணின் பெயராக அமைந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அன்று நான் சிரித்ததில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

மலைக்கு வருவோம். இந்த மலையும் நெடுங்காலமாகக் குறையற்ற பாத்திரங்களைச் சுமந்துகொண்டிருக்கிற இடம்தான். கீழேயிருந்து வருகிற சினிமாவுக்கு இங்கே ஒரு பெண் வேண்டியிருக்கிறது. சூதுவாது அறியாதவள், முதுகில் கூடை, சரிவில் பாட்டு. அந்தக் கூடை காலி. காலிக் கூடையின் வார் நெற்றியிலோ தோளிலோ அழுந்தாது. ஆகவே நாயகி நிமிர்ந்து ஆட முடிகிறது. எழுத்திலும் 'கள்ளமற்ற மலைமக்கள்' வந்து போயிருக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) விலக்கு: அவர் இங்கே வாழ்ந்து பார்த்தவர், தேயிலையும் மின்திட்டமும் படகர் ஊர்களுக்குள் வந்தபோது மனிதர்கள் எப்படி மாறினார்கள் என்று எழுதத் துணிந்தவர். மற்றபடி, கீழே இருப்பவர்கள் மேலே பார்த்துக் குறையற்றவளை எழுதுகிறார்கள். இந்தப் பெண் மேலே இருந்துகொண்டு கீழே சோழ மண்டலத்தைப் பார்த்துக் குறையற்றவளை எழுதியிருக்கிறாள். இதுவரைக்கும்தான் என் யோசனை வந்திருந்தது. இதோடு நின்றிருந்தால் ஒரு சாமர்த்தியமான கட்டுரை ஆகியிருக்கும்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க அக்டோபரில் போனேன். அவள் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். தாயார் கொழுந்துக்குப் போயிருந்தார். பாட்டி இருந்தார். "உக்காருங்க சார், மழை விடட்டும்" என்று கருப்பட்டி போட்ட தேநீர் கொடுத்தார். நான் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பேத்தி ஈழத்திலிருந்து ஒரு ராஜகுமாரி கப்பலில் வருவதாகக் கதை எழுதியிருக்கிறாள் என்றேன். "நாங்களும் கப்பல்லதான் வந்தோம்" என்றார்.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம். அப்போது அவருக்குப் பதினோரு வயது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர்கள் யாரையும் கேட்கவில்லை. கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் பெட்டி கட்டினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் இங்கே அரசு தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ ஆயிற்று. பாட்டி இதையெல்லாம் சொல்லவில்லை. மண்டபம் முகாமில் தகரக் கொட்டகைக்குள் வெயில் அடித்ததைச் சொன்னார். மலையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையில் நின்று தட்டில் சோறு வாங்கியதைச் சொன்னார். பேர் கேட்டார்கள், தகப்பன் பேர் கேட்டார்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். "எந்த ஊருன்னு எங்கப்பாவுக்குச் சொல்லத் தெரியல சார்."

சோழநாடே கரையில் நின்று வரவேற்கிறது என்று எழுதியவளுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. இந்த வீட்டில் வளர்ந்தவள் அவள். ஊமை ராணியை வளர்ப்புத் தாயாகத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று நான் இப்போது நினைக்கவில்லை. ஈழத்திலிருந்து வந்தவள், பேச வாயற்றவள், அரண்மனையில் ஈட்டிக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் செத்தவள். அவளுடைய மகளுக்கு ஆறு பாஷை. நான் கூட்டத்தில் அந்த ஆறையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

ஆனாலும் — இதைச் சொல்லாமல் விட்டால் நான் பச்சாதாபத்துக்குக் கட்டுரை எழுதியவனாவேன் — மண்டபம் நோட்டில் இல்லை. காயம் எழுதியவளிடம் இருக்கிறது, எழுத்தில் இல்லை. எழுத்தில் அதன்மேல் போட்ட பட்டுத்துணி மட்டும் இருக்கிறது. வாசகன் பாட்டி வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் கதையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் கதை இன்னும் எழுதப்படவில்லை. தட்டோடு வரிசையில் நின்ற பதினோரு வயதுச் சிறுமியைக் கரையில் யாரும் எதுவும் கேட்காத இளவரசியாக மாற்றியபோது, தட்டு அவமானமாகத் தோன்றித் தொலைந்துவிட்டது. மணிமேகலை அந்தத் தட்டைத் தூக்கி எறியவில்லை. அதையேதான் கையில் வைத்திருக்கிறாள்.

புறப்படும்போது மழை முழுக்க விடவில்லை. ஒற்றையடிப் பாதையில் அட்டை ஏறும் என்று பாட்டி என் காலில் சவுக்காரத்தைக் குழைத்துத் தடவிக்கொள்ளச் சொன்னார். கொழுந்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு அங்கேயே நின்று நோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பஸ்ஸில் பார்த்தேன்.

நூற்றிரண்டாம் பக்கம். மரகதவல்லி கோடிக்கரைச் சேற்றுக் காட்டைக் கடக்கிறாள். வந்தியத்தேவன் விழுந்த அதே சேறு. அவள் காலில் அட்டை ஏறுகிறது. உப்பங்கழிக் கரையில் எந்த அட்டை! முதலில் படித்தபோது ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இது சேரம்பாடி மழையிலிருந்து பிழையாக உள்ளே வந்த அட்டை. ஆனால் அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். அவள் வீட்டில் அட்டைக்குச் சவுக்காரம். ராஜராஜன் காலத்தில் சவுக்காரம் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருக்கிறாள். சுண்ணாம்பு வைத்தால் அட்டை விடும். சுண்ணாம்பு அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் மரகதவல்லி தாமரைக் கையும் முத்துப் பல்லும் உள்ளவள், வெற்றிலை போடுகிறவள் இல்லை. அவளிடம் சுண்ணாம்பு இருக்காது. ஆகவே பக்கத்தில் ஒரு படகுக்காரன் வருகிறான். அவள் அவனிடம் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு கேட்கிறாள்.

நூற்றெண்பது பக்கத்தில் மரகதவல்லி இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்பது இந்த ஒரே இடத்தில்தான். ஒரு வாக்கியம். அவன் மடியை அவிழ்த்துச் சுண்ணாம்புக் காயை எடுத்துத் தருகிறான், கையைத் துணியில் துடைத்துக்கொள்கிறான். அந்தத் துடைப்பு கல்கியில் இல்லை. சினிமாவில் இல்லை. அடுத்த வரியில் குந்தவையின் பல்லக்கு வந்துவிடுகிறது, அவன் போய்விடுகிறான்.

அந்தப் படகுக்காரனுக்குக் கதையில் பெயர் இல்லை. கேள்விக்குறியை அழித்துவிட்டு, அவன் யார், எங்கிருந்து வந்தான், சுண்ணாம்பைக் கொடுத்தபோது அவளைப் பற்றி என்ன நினைத்தான் என்று எழுதும்படி அவளுடைய ஆசிரியரிடம் முகவரி வாங்கித் திருப்பூருக்குக் கடிதம் போட்டேன். நோட்டைத் தபாலில் அனுப்பட்டுமா, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறாளா என்றும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.